மேடைக்கடியில் கிடக்கும் நான்கு பெட்டிகள்: எங்கள் வாசிகசாலை நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும்,

சென்ற மாதம் இரண்டாவது சனிக்கிழமை காலை பிள்ளைகளோடு வாசிகசாலைக்குள் நுழைந்தபோது யன்னலோரத்து அலுமாரியில் எங்கள் புத்தகங்கள், ஆங்கிலத்தில் வந்த யப்பானியப் படக்கதைகளும் நாவல்களும், இல்லை. அங்கே ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் வினாத்தாள் கட்டுகளும் சாதாரண தரக் கடந்தகால வினாத்தாள்களும் அடுக்கப்பட்டிருந்தன. அறிவித்தல் பலகையில் ஒரு தாள். "படக்கதைப் புத்தகங்களும் மாயாஜாலக் கதைகளும் வாசிப்புப் பழக்கத்துக்கு உகந்தவை அல்ல என்பதால் இனி இரவல் வழங்கப்படமாட்டா." கீழே முத்திரையும் கையொப்பமும். எட்டு வயதுப் பிள்ளையொன்று அதை எழுத்துக்கூட்டி உரக்க வாசித்து முடித்துவிட்டு, "அக்கா, நாங்கள் என்ன பிழை செய்தோம்?" என்று கேட்டது. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

பத்து வயதில் இந்த வாசிகசாலையில் அங்கத்துவ அட்டை எடுத்தவள் நான். பத்தொன்பது ஆண்டுகளாக அந்த அட்டையைப் புதுப்பித்து வருகிறேன். மூன்று ஆண்டுகளாகச் சனிக்கிழமை வாசிப்பு நேரத்தை, உங்கள் அனுமதியோடு, நடத்தியும் வருகிறேன். இந்தப் புத்தகங்களைச் சேர்த்தவர்களில் ஒருத்தி என்ற உரிமையோடும் இதை எழுதுகிறேன். டி. ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளில் குந்தியிருந்து தேடி எடுத்தவை சில. செப்டெம்பர் புத்தகக் கண்காட்சிக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பண்டாரநாயக்க மண்டபத்துக்குப் போய், காசைப் பங்குபோட்டு வாங்கியவை சில. ரொறன்ரோவிலிருந்து ஒரு பழைய அங்கத்தவர் தன் பிள்ளைகள் வாசித்து முடித்தவற்றைப் பெட்டியில் போட்டு அனுப்பினார். மங்கா எனப்படும் யப்பானியப் படக்கதையில் புதிதாக ஒரு தொகுதி வாங்குவதானால் மூவாயிரம் ரூபாவை எடுத்து வைக்க வேண்டும். எங்கள் பகுதியில் எந்தப் பெற்றோர் அதைக் கொடுப்பார்கள்? வாசிகசாலை இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகளுக்கு இந்தப் புத்தகங்களே இல்லை.

அவை இப்போது எங்கே இருக்கின்றன என்பது குழுவிலுள்ள எல்லோருக்கும் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. நான்கு காட்போட் பெட்டிகளில், மண்டபத்து மேடைக்கடியில், வெறும் சீமெந்துத் தரையில் இருக்கின்றன. சென்ற வாரத்து மழையில் சுவரோரப் பெட்டியின் அடி ஊறிவிட்டது. நான் கையை வைத்துப் பார்த்தேன். கறையான் அந்த இடத்துக்குப் புதிதல்ல. ஆண்டு விழாத் திரைச்சீலைகளை நாம் இழந்ததும் அங்கேதான்.

அறிவித்தலில் முதலாவதாகச் சொல்லப்பட்ட குற்றச்சாட்டுக்கு வருகிறேன். படம் பார்ப்பது வாசிப்பு ஆகாது என்கிறீர்கள். ஓராண்டுக்கு முன்னர், குழுவைச் சேர்ந்த ஒருவர் ஒரு மங்காத் தொகுதியை எடுத்துப் பார்த்துவிட்டு, "பின்பக்கத்திலிருந்து அச்சடித்திருக்கிறார்கள், பழுதான புத்தகம், திருப்பிக் கொடுங்கள்" என்று என்னிடம் தந்தார். யப்பானிய மங்கா வலமிருந்து இடமாகப் போவது. மொழிபெயர்ப்பிலும் பெரும்பாலும் அப்படியே விடுகிறார்கள். அன்றே விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் புத்தகத்தை மீண்டும் கையில் எடுக்கவில்லை. மத்ரசாவில் குர்ஆன் ஓதிப் பழகிய ஒரு சின்னப் பையனோ முதல் நாளே தானாகச் சரியான பக்கத்திலிருந்து தொடங்கினான். மற்றப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவனும் அவன்தான்.

அவர்கள் கற்றுக்கொண்டது சாதாரண காரியமல்ல. ஒரு பக்கத்தில் ஆறு கட்டங்கள். நான்கில் பேச்சு, இரண்டில் ஒரு சொல்லும் இல்லை. பேச்சில்லாத கட்டத்தில் ஒரு கை, ஒரு காலிக் கதிரை, மழை. அங்கே என்ன நடந்தது, யார் எதைச் சொல்லாமல் விட்டார், எவ்வளவு நேரம் கழிந்தது என்பதையெல்லாம் வாசிப்பவரே கட்டிக்கொள்ள வேண்டும். சொல்லாததை வாசிக்கத் தெரியாமல் சங்கப் பாட்டு ஒன்றையேனும் ஒருவர் வாசித்துவிட முடியுமா? நம் தமிழ்ப் பாடத்தில், சொல்லாமல் குறிப்பால் உணர்த்துவதற்கு இறைச்சி என்றும் உள்ளுறை என்றும் வரைவிலக்கணம் பாடமாக்குகிற அதே பிள்ளை, சனிக்கிழமை காலையில் அதைக் கண்ணால் கண்டுபிடிக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் அகற்றியவற்றில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு படக்கதைகளே அல்ல. அவை லைட் நாவல்கள். யப்பானில் பெரும்பாலும் சட்டைப் பைக்குள் அடங்கும் அளவில் வெளிவரும் நாவல் வகை. அட்டையில் சித்திரம், உள்ளே ஆங்காங்கே சில சித்திரங்கள், மற்றப் பக்கம் எல்லாம் எழுத்து. அட்டையைப் பார்த்துத்தான் தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள் என்று வருத்தத்தோடு சொல்கிறேன். ஒரேயொரு பக்கத்தைத் திறந்திருந்தால் தெரிந்திருக்கும்.

அந்த லைட் நாவல்களில் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். மியா கசுகி என்ற எழுத்தாளர் 2013 முதல் இணையத்தில் தொடராக எழுதி, பின்னர் 33 தொகுதிகளாக அச்சில் வந்த கதை. ஆங்கிலத்தில் 'அசெண்டன்ஸ் ஒஃப் எ புக்வேர்ம்' என்று பெயர். புத்தகமே உயிரென்று வாழ்ந்த ஓர் இளம்பெண், நிலநடுக்கத்தில் சரிந்த புத்தகங்களுக்கடியில் இறக்கிறாள். வேறோர் உலகில், ஒரு ஏழைச் சிப்பாயின் நோயாளிச் சிறுமியாக மீண்டும் பிறக்கிறாள். அந்த உலகில் புத்தகம் என்பது பிரபுக்களின் சொத்து. அவள் வீட்டில் எழுத்தறிந்தவர் அரிது. புத்தகம் ஒன்றுகூட இல்லை. ஐந்து வயதுப் பிள்ளை, தானே புத்தகம் செய்யப் புறப்படுகிறாள். புல்லைப் பின்னிப் பார்க்கிறாள், கைகூடவில்லை. களிமண் பலகையில் எழுதிச் சுடுகிறாள், நெருப்பில் வெடித்துச் சிதறுகிறது. மெல்லிய மரச்சீவல்களில் எழுதி அடுக்கி வைக்கிறாள். விறகென்று நினைத்து அம்மா அடுப்பில் வைத்துவிடுகிறாள்.

இந்த இடத்தை நான் பிள்ளைகளுக்கு உரக்க வாசித்தபோது அறையில் ஒரு சத்தமில்லை. பிறகு ஒரு பையன், "யாழ்ப்பாண நூலகம் மாதிரி" என்றான். அவனுடைய தாத்தா சொல்லி அவனுக்குத் தெரியும். 1981 ஜூன் முதலாம் திகதி விடியும்போது தொண்ணூற்றேழாயிரம் புத்தகங்களும் ஏடுகளும் சாம்பலாகிக் கிடந்த கதையை நாம் ஒவ்வோர் ஆண்டும் நினைவுகூருகிறோம். மேடையில் பேசுகிறோம். அந்தப் பேச்சு எட்டாத ஓரிடத்துக்கு, அடுப்பில் எரிந்த சில மரச்சீவல்கள் அந்தப் பையனைக் கொண்டுபோயின. வேறொரு பிள்ளைக்கு 2022 மார்ச் நினைவுக்கு வந்தது. தாள் இல்லையென்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை ஒத்திவைக்கப்பட்ட மாதம் அது. பதின்மூன்று மணி நேர மின்வெட்டும் அப்போதுதான். தாள் எப்படிச் செய்வது என்று பார்க்க, அதற்கடுத்த சனிக்கிழமை எல்லோருமாகச் சேர்ந்து பழைய பத்திரிகையை ஊறவைத்து அரைத்தோம். வந்த தாள் தடிப்பாகவும் சாம்பல் நிறமாகவும் இருந்தது. அதில் பெயர் எழுதி ஒவ்வொருவரும் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். புத்தகத்தின் அருமையை இதைவிட நன்றாகச் சொல்லித்தரும் வினாத்தாள் எது ஐயா?

அடுத்தது, இந்தக் கதைகளில் வரும் போரும் இழப்பும். இதைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அடக்கிக்கொண்டு எழுதுகிறேன்.

சனிக்கிழமை வாசிப்புக்கு வரும் ஒரு மாணவி, 2009 மே மாதத்தில், போரின் கடைசி நாள்களில், கைக்குழந்தையாக முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்தைக் கடந்து கொண்டுவரப்பட்டவள். அவளுக்கு அந்த நாள்களின் நினைவு எதுவுமில்லை. வீட்டில் யாரும் அதைப் பேசுவதுமில்லை. 'ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்' என்ற மங்காவின் 27 தொகுதிகளில் பதினொன்றுதான் நம்மிடம் இருந்தது. மீதியை அவளே வெவ்வேறு இடங்களில் இரவல் வாங்கி வாசித்து முடித்தாள். படையினர் ஆளும் ஒரு நாடு. அந்நாடு தன் எல்லைக்குள்ளேயே வாழும் ஓர் இனத்தை அழித்த கதை அதில் வருகிறது. அழித்த படையினர் பலர் கதையின் நல்ல மனிதர்கள்; அவர்கள் அந்தப் பழியோடு வாழ்கிறார்கள். தப்பியவன் ஒருவன் பழிவாங்கப் புறப்படுகிறான். அவனும் ஒரு கொடுமை செய்கிறான்: அவனுடைய மக்களுக்கு வைத்தியம் பார்த்த தம்பதியைக் கொன்றுவிடுகிறான். பல தொகுதிகளுக்குப் பின், அந்தத் தம்பதியின் மகள் அவனுடைய காயத்துக்குக் கட்டுப் போடுகிறாள். உன்னை மன்னிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே கட்டுகிறாள். என் பெற்றோர் இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பார்கள் என்கிறாள்.

"இதை எழுதினவர் எங்கள் ஊருக்கு வந்தவரா?" என்று அந்த மாணவி என்னிடம் கேட்டாள். எழுதியவர் ஹிரோமு அரகாவா, ஹொக்கைடோவில் பால் பண்ணைக் குடும்பத்தில் பிறந்த பெண், 2001 முதல் 2010 வரை இதை வரைந்தார் என்று சொன்னேன். பெண் என்றதும் அவளுக்கு இன்னும் வியப்பு. அன்று மாலை அவள் வீட்டில் தன் தாயிடம் முதன்முறையாக அந்த மே மாதத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். தாய் சொல்லியிருக்கிறார். இதைத் தாயே என்னிடம் வந்து சொன்னார், கையைப் பிடித்துக்கொண்டு. அந்தப் பதினொரு தொகுதிகளும் இப்போது ஊறிப்போன பெட்டியில் இருக்கின்றன.

யப்பானிலும் உங்களுடையதைப் போன்ற ஒரு முடிவை ஒரு சபை எடுத்தது. ஹிரோஷிமாவில் ஆறு வயதில் அணுகுண்டைக் கண்டவர் கெய்ஜி நகாசாவா. தந்தையையும் அக்காவையும் தம்பியையும் அன்று இழந்தார். அந்த அனுபவத்தை 1973 முதல் மங்காவாக வரைந்தார். வெறுங்கால் கென் என்ற சிறுவனின் கதை. அதில் வரும் காட்சிகள் கொடூரமானவை என்று சொல்லி, மட்சுவே நகரக் கல்விச் சபை 2012 டிசம்பரில் பாடசாலை நூலகங்களில் அதைப் பிள்ளைகள் தாமாக எடுக்க முடியாத இடத்துக்கு மாற்றும்படி கேட்டது. விடயம் வெளியே தெரிந்து மக்கள் எதிர்த்தார்கள். 2013 ஓகஸ்டில், அந்த முடிவு எடுக்கப்பட்ட முறை சரியல்ல என்று சபை அதைத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்றதால் அந்தச் சபையின் மதிப்புக் குறைந்துவிடவில்லை. உங்களிடம் நான் எதிர்பார்ப்பதும் அதையே.

மாயாஜாலம், பேய், பிசாசு என்ற ஆட்சேபத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. வேண்டிய உருவம் எடுக்கவும் வான்வழியே செல்லவும் பசியைத் தாங்கவும் மணிமேகலைக்கு மூன்று மந்திரங்கள் கற்றுக்கொடுக்கப்பட்டன. அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தை அவள் பெற்றது மணிபல்லவத்தில். அந்தத் தீவு நம் நயினாதீவே என்று நம்மில் பலர் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். முருங்கை மரத்து வேதாளத்தோடு வளர்ந்த தலைமுறை, வேறொரு நாட்டு மந்திரவாதியைக் கண்டு ஏன் அஞ்சுகிறது? நஹோகோ உயெஹாஷி என்ற மானிடவியலாளர் எழுதிய 'மொரிபிட்டோ' நாவலும் அந்தப் பெட்டிகளில் ஒன்றில் இருக்கிறது. முப்பது வயதான, ஈட்டி ஏந்திய ஒரு பெண் மெய்க்காவலர் ஒரு சிறிய இளவரசனைக் காப்பாற்றும் கதை. அரசு எழுதிவைத்த வரலாற்றுக்கடியில், அந்த மண்ணின் பழைய குடிகளின் கதை எப்படி மறைக்கப்பட்டது என்பதை அவர்கள் போகப்போகக் கண்டுபிடிக்கிறார்கள். சிறுவர் இலக்கியத்துக்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சன் விருதை 2014இல் பெற்றவர் இவர். இந்த நாட்டில் வளரும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு அதில் விளங்காதது எதுவுமில்லை.

எல்லாப் புத்தகமும் நல்லது என்று நான் சொல்லவில்லை. லைட் நாவல்களில் ஒரு பெரும் பகுதி ஒரே அச்சில் வார்த்தவை: இளைஞன் விபத்தில் இறப்பான், வேறோர் உலகில் வல்லவனாகப் பிறப்பான், பெண்கள் அவனைச் சுற்றி வரிசையில் நிற்பார்கள். சிலவற்றில் அடிமைப் பெண்ணை விலைக்கு வாங்குவதைக்கூட வீரமாக எழுதுகிறார்கள். அவற்றை நான் வெறுக்கிறேன். நன்கொடையாக வந்த அப்படிப்பட்ட மூன்றை அலுமாரியில் வைக்காமல் திருப்பி அனுப்பியவளும் நான்தான். 'அட்டாக் ஒன் டைட்டன்' என்ற மங்கா, பேருருவ அரக்கர் மனிதரைத் தின்னும் பயங்கரத்தில் தொடங்கி, வெறுப்பு தலைமுறைக்குத் தலைமுறை கைமாறுவதைப் பற்றிப் பேசும் ஒரு பெரிய படைப்பு. முடிவில் எனக்கு உடன்பாடில்லை. அதைப் பற்றி மூத்த மாணவர்களோடு இரண்டு சனிக்கிழமை வாதிட்டேன். ஆயினும் பத்து வயதுப் பிள்ளையின் கையில் அதைக் கொடுக்கமாட்டேன். பதிப்பகங்கள் பல, புத்தகத்தின் பின்னட்டையிலேயே எந்த வயதினருக்கு உரியது என்று அச்சிடுகின்றன. அதைப் பார்த்துப் பிரிக்கலாம். நாங்கள் ஏற்கெனவே அப்படித்தான் நிறப்பட்டி ஒட்டிப் பிரித்து வைத்திருந்தோம். பெட்டியில் போட்டவர்கள் அந்தப் பட்டிகளைக் கண்டிருப்பார்கள்.

ஆங்கிலப் புத்தகம் தமிழ் வாசிகசாலைக்கு எதற்கு என்று செயலாளர் தொலைபேசியில் கேட்டார். நியாயமான கேள்வி. என் ஆசையும் இவை தமிழில் வரவேண்டும் என்பதே. அதற்குக் காரணம் பிள்ளைகளிடமிருந்து கிடைத்தது. சனிக்கிழமைகளில் ஆங்கிலத்தில் உள்ளதை அவர்கள் உடனுக்குடன் தமிழில் சொல்வார்கள். யப்பானியர் முன்பின் தெரியாதவரையும் அண்ணா, அக்கா, மாமா என்று உறவு சொல்லி அழைப்பதுண்டு. ஆங்கிலத்தில் அதைச் சொல்ல முடியாமல் பெயரைப் போட்டு நிரப்பிவிடுகிறார்கள். நம் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே அந்த இடத்தில் "அக்கா" என்கிறார்கள். வினை வசனத்தின் கடைசியில் நிற்பது, வயதுக்குத் தக்கபடி மரியாதை மாறுவது, எல்லாம் தமிழில் தன்னிடத்துக்குத் திரும்பி வந்ததுபோல அமைகின்றன. இப்படிச் சொல்லிச் சொல்லி இருபது பக்கம் வரை தமிழில் எழுதி வைத்திருக்கிறார்கள், ஒற்றைக்கோட்டுக் கொப்பியில். அந்தக் கொப்பியும் பெட்டிகளோடு போய்விட்டது.

பொருளாளர் ஐயா, உங்களைத் தனியாக விளிக்கிறேன், மன்னியுங்கள். சென்ற தைப்பொங்கல் விழாவில் எல்லோர் முன்னிலையிலும் நீங்கள் சொன்ன கதை என் மனதிலிருந்து போகவில்லை. எழுபதுகளின் கடைசியில், சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ் புத்தகங்களை ஒவ்வொன்றாக வாங்கி, மண்ணிற உறை போட்டு, இலக்கமிட்டு வைத்திருந்ததாகச் சொன்னீர்கள். இரும்புக்கை மாயாவிக்காகப் பஸ் காசை மிச்சம்பிடித்து நடந்தே பாடசாலைக்குப் போனதைச் சொன்னீர்கள். 83 ஜூலைக் கலவரத்தில் வீடு எரிந்தபோது, எரிந்துபோன எத்தனையோ பொருள்களில் அந்தப் புத்தக அடுக்கைத்தான் இன்றும் கனவில் காண்பதாகச் சொன்னபோது உங்கள் குரல் தடுமாறியது. அறிவித்தலில் உங்கள் கையொப்பமும் இருக்கிறது.

எனவே நான் கேட்பவை இவை. முதலாவதாக, இந்த வாரத்துக்குள், வேறு எந்தத் தீர்மானத்துக்கும் காத்திராமல், நான்கு பெட்டிகளையும் தரையிலிருந்து எடுத்து உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஆள் இல்லையென்றால் திறப்பைத் தாருங்கள், நாங்கள் தூக்குகிறோம். பிள்ளைகளின் கொப்பியை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.

அறிவித்தலைப் பலகையிலிருந்து அகற்றி, தடையை நிறுத்திவையுங்கள். ஒரு புத்தகம் பொருத்தமற்றது என்று யாராவது கருதினால், அதை முழுமையாக வாசித்த ஒருவர் காரணத்தை எழுதித் தரட்டும்; அந்தப் புத்தகத்தைப் பற்றி மட்டும் முடிவெடுப்போம். அப்படி முடிவெடுக்கும்போது குழுவினரில் இருவரும் பெற்றோரில் இருவரும் பதினாறு வயதுக்கு மேற்பட்ட வாசகர் இருவரும் இருக்க வேண்டும். வயதுவாரியான பிரிப்பை வாசிகசாலையின் எழுத்துமூல விதியாக்குங்கள். மூத்தவர்களுக்குரியவற்றைத் தனித் தட்டில், நூலகரின் மேசைக்கருகில் வைப்பதற்கு எனக்கு முழுச் சம்மதம்.

வினாத்தாள்கள் வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. கதவருகேயுள்ள இரும்பு அலுமாரியில் இரண்டு தட்டுகள் வெறுமையாகக் கிடக்கின்றன. வினாத்தாள்களை அங்கே மாற்றி, யன்னலோர அலுமாரியைக் கதைகளுக்குத் திருப்பித் தாருங்கள். பகலில் மின்வெட்டு இருந்த நாள்களில் எழுத்துத் தெரிந்த ஒரே இடம் அதுதான் என்பதால் அங்கே வைத்தோம்.

அடுத்த நிர்வாகக் கூட்டம் வரும் மாதம் முதலாவது ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு என்று பலகையில் போட்டிருக்கிறீர்கள். நிகழ்ச்சி நிரலில் எங்களுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நானும் மூன்று பெற்றோரும் ஆறு பிள்ளைகளும் வருகிறோம். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த ஒரு பக்கத்தைத் தமிழில் வாசிக்கும். கேட்டபின் உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்; அவர்களே பதில் சொல்வார்கள். இந்த மடலுக்கான பதிலைக் கூட்டத்துக்கு முன்னர் எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
சனிக்கிழமை வாசிப்பு நேரத்தை நடத்தும் அங்கத்தவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.